டஸ்கீகியின் களிமண்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், அலபாமா மாகாணத்தின் தலைநகராகிய மான்ட்கோமரிக்குக் கிழக்கே சுமார் 40 மைல் தொலைவில், மேக்கன் ஜில்லாவின் பருத்திக் காடுகளுக்கு நடுவே, டஸ்கீகி என்றொரு சிறு பட்டணம் இருக்கிறது. துறைமுகமோ சுரங்கமோ அதற்குப் பெயர் தேடித் தரவில்லை. அங்கே தாராளமாகக் கிடைத்தது களிமண்தான். ஆயினும், விஞ்ஞானத்திலும் விளையாட்டிலும் பொது வாழ்விலும் தலையெடுத்த அமெரிக்கக் கறுப்பின மக்களின் சரித்திரத்தை எந்த இடத்தில் திறந்து படித்தாலும் இந்த ஊரின் பெயர் அடிக்கடி எதிர்ப்படுகிறது. அப்படித் தலையெடுத்தவர்களை ஒவ்வொருவராக எடுத்து வைத்துக்கொண்டு, அதிசயப் பிறவிகள் என்று வியந்து, அத்தோடு நிறுத்திக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த வழக்கத்தில் மனம் ஒப்புவதில்லை. உயர ஏறியவரைப் பார்க்கும்போது, அவர் நின்ற மண்ணையும், அந்த மண்ணை மிதித்துக் குழைத்தவர்களையும், அதற்காக அவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டஸ்கீகியின் கதையிலோ, அந்த விலை இன்னதென்று முதல் ஏட்டிலேயே எழுதியிருக்கிறது.

அந்த விலை வாக்கு. 1880ஆம் வருஷத் தேர்தலில் அலபாமா செனட் சபைக்குப் போட்டியிட்ட டபிள்யூ. எஃப். ஃபாஸ்டர் என்ற வெள்ளையர், மேக்கன் ஜில்லாவில் கறுப்பின மக்களே மிகுதியாக இருந்ததையும், 1865ல் அடிமைத்தளை நீங்கிய சில வருஷங்களுக்குள் அவர்களுக்கு வாக்குரிமை கிடைத்திருந்ததையும் எண்ணிப் பார்த்து, லூயிஸ் ஆடம்ஸ் என்பவரிடம் வந்தார். ஆடம்ஸ் அடிமையாக இருந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதியாதவர். தகரவேலை, செருப்புத் தைத்தல், குதிரைச் சேணம் செய்தல் ஆகிய மூன்று தொழில்களிலும் கைதேர்ந்தவர். கறுப்பினத்தவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவருக்கு 250 டாலருக்குக் குறையாமல் அபராதம் என்று 1832லேயே சட்டம் செய்திருந்த அந்த மாகாணத்தில், அடிமையாயிருந்த நாளிலேயே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். உங்கள் ஜனங்களுடைய வாக்குகளை எனக்கு வாங்கித் தந்தால் அதற்குப் பதில் என்ன வேண்டும் என்று ஃபாஸ்டர் கேட்டபோது, அவர் தமக்கென்று பணமும் கேட்கவில்லை, உத்தியோகமும் கேட்கவில்லை. தம் மக்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் கேட்டார். ஃபாஸ்டர் ஜயித்தார், கொடுத்த வாக்கையும் காப்பாற்றினார். ஆசிரியர் சம்பளத்துக்கென்று வருஷந்தோறும் 2,000 டாலர் மான்யம் சட்டசபையில் நிறைவேறியது. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் அதில் ஒரு காசுகூட ஒதுக்கப்படவில்லை. அந்தத் தகரவேலைக்காரரின் பெயரை இன்று நினைப்பவர் சிலரே என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

பள்ளியை நடத்துவதற்கு ஒருவரை அனுப்ப வேண்டுமென்று, வர்ஜீனியாவிலிருந்த ஹாம்ப்டன் கல்விச்சாலையின் தலைவர் ஜெனரல் ஆம்ஸ்ட்ராங்குக்குக் கடிதம் போயிற்று. எழுதியவர்கள் ஒரு வெள்ளையரையே எதிர்பார்த்தார்கள். ஆம்ஸ்ட்ராங் சிபாரிசு செய்ததோ, புக்கர் டி. வாஷிங்டன் என்ற 25 வயதுக் கறுப்பின வாலிபரை. 1856ல் அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் உப்புக் காய்ச்சும் உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்து, 16 வயதில் ஏறக்குறைய 500 மைல் வழியை நடந்தும் வண்டிக்காரர்களிடம் இடம் கேட்டும் கடந்து, நடுவழியில் ரிச்மண்டு நகரத்தில் நடைபாதைப் பலகைகளுக்கு அடியில் படுத்துறங்கி, கையில் 50 சென்ட்டோடு ஹாம்ப்டன் வந்து சேர்ந்தவர் அவர். அங்கே அவருக்கு நடந்த பிரவேசப் பரீட்சை ஓர் அறையைப் பெருக்குவது. மூன்று தரம் பெருக்கி நான்கு தரம் துடைத்தார். ஆசிரியை தம் கைக்குட்டையால் மேஜையையும் பலகைகளையும் தேய்த்துப் பார்த்து, ஒரு துளித் தூசியும் காணாமல், அவரைச் சேர்த்துக்கொண்டார். ஒருவனுடைய தகுதி அவன் கை செய்யும் காரியத்தில் வெளிப்படும் என்ற சித்தாந்தம் அவருக்கு அந்தத் துடைப்பத்திலிருந்து வந்தது. கடைசி நாள்வரை அவர் அதை விடவில்லை.

1881 ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று, பட்லர் திருச்சபையின் கோயிலுக்குப் பக்கத்திலிருந்த ஒரு பாழடைந்த குடிசையில் 30 மாணாக்கரோடு பள்ளி தொடங்கியது. மழை வந்தால் மாணாக்கர் ஒருவர் எழுந்து வந்து ஆசிரியருக்குக் குடை பிடிப்பார். பாடம் தொடர்ந்து நடக்கும். சில மாதங்களில், உள்நாட்டு யுத்தத்துக்கு முன் அடிமைகள் உழைத்து, பிறகு கைவிடப்பட்டுக் கிடந்த 100 ஏக்கர் பருத்திப் பண்ணை ஒன்று 500 டாலருக்கு விலைபேசப்பட்டது. எஜமானர் வாழ்ந்த மாளிகை எரிந்து போயிருந்தது. மிஞ்சி நின்றவை ஒரு சாப்பாட்டுக் கொட்டகை, ஒரு சமையற்கட்டு, ஒரு குதிரை லாயம், ஒரு கோழிக்கூடு. லாயத்தையும் கோழிக்கூட்டையும் கழுவி, வெள்ளையடித்து, அவற்றில் உட்கார்ந்து அடிமைகளின் பிள்ளைகள் இலக்கணமும் கணக்கும் படித்தார்கள்.

கட்டடம் எழுப்ப வேண்டும். கல் வாங்கப் பணமில்லை. அந்த ஊரில் செங்கல் சூளையே இல்லை. ஆகவே நாமே கல் அறுப்போம் என்று வாஷிங்டன் முடிவு செய்தார். கல் அறுப்பு என்பது தூரத்தில் நின்று பார்ப்பவர்க்குச் சுலபமாகத் தோன்றலாம். களிமண்ணை வெட்டிக் கொணர்ந்து, முழங்கால் ஆழச் சேற்றில் மணிக்கணக்காக நின்று பதம் பார்த்து, அச்சிலிட்டு உலர்த்தி, காற்றும் தீயும் உள்ளே ஓடும்படி பச்சைக் கல்லைச் சூளையில் அடுக்கி, இரவு பகல் ஒரு வாரம் நெருப்புத் தணியாமல் காக்க வேண்டும். அடுக்கிலோ சூட்டிலோ சிறிது பிசகினாலும் அத்தனை உழைப்பும் மண்ணோடு மண்ணாய்ப் போகும். படித்துவிட்டால் இனிச் சேற்றில் இறங்க வேண்டியதில்லை என்ற ஆசையோடு வந்த பிள்ளைகளுக்கு இது பெரிய ஏமாற்றமாயிருந்தது. சிலர் வெறுத்துப் பள்ளியை விட்டே போய்விட்டார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெற்றோர் பிறருக்காக மிதித்த மண்ணைத் தாமும் மிதிப்பதற்கா கல்விச்சாலைக்கு வந்தோம் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

முதற்சூளையில் அடுக்கிய 25,000 கற்களும் சரியாக வேகவில்லை. இரண்டாவதும் வீணாயிற்று. மூன்றாவது சூளை ஏறக்குறைய வெந்து முடிந்து, இனிப் பயமில்லை என்று எல்லாரும் நினைத்திருந்த கடைசி நாட்களில், நடுநிசியில் சரிந்து விழுந்தது. கையில் காசில்லை, இதோடு விட்டுவிடலாம் என்று உடனிருந்த ஆசிரியர்களே சொன்னார்கள். வாஷிங்டன் நெடுநாளாகத் தம்மிடமிருந்த ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொண்டு மான்ட்கோமரிக்குப் போய், ஓர் அடகுக் கடையில் அதை வைத்து, 15 டாலரோடு திரும்பி வந்தார். அந்தப் பணத்தில் மூட்டிய நான்காவது சூளை வெந்தது. அடகு மீட்கும் தவணை வந்தபோது அவரிடம் பணமில்லாததால் கடிகாரம் போய்விட்டது. அவர் அதற்காக வருந்தியதில்லை.

நல்ல கல் விற்கிறது என்று கேள்விப்பட்டு, அந்தப் பள்ளியிடம் கொஞ்சமும் அபிமானமில்லாத வெள்ளைக்காரர்களும் வண்டி கட்டிக்கொண்டு வாங்க வந்தார்கள். இருபது வருஷங்களுக்குள் ஒரே பருவத்தில் 12 லட்சம் கற்களை மாணாக்கர்கள் அறுத்துச் சுட்டார்கள். நின்ற 40 கட்டடங்களில் நான்கு தவிர மற்றவை பெரும்பாலும் அவர்கள் கையாலேயே எழுந்தவை. படம் போட்டுக் கொடுத்தவர் ராபர்ட் டெய்லர். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1892ல் பட்டம் பெற்ற அவர்தான் அந்தக் கழகத்தின் முதல் கறுப்பினப் பட்டதாரி. எத்தனையோ கட்டடங்களை வகுத்த அவர், அவற்றுள் தலையாயதென்று தாமே கருதிய டஸ்கீகிப் பிரார்த்தனை மண்டபத்தில், 1942ல் ஒரு வழிபாட்டின்போது மயங்கி விழுந்து உயிர் நீத்தார்.

ஆனால் கல் வளர்ந்த அதே வருஷங்களில் வாக்குத் தேய்ந்துகொண்டிருந்தது. 1895 செப்டம்பர் 18ஆம் தேதி அட்லாண்டா நகரப் பொருட்காட்சியில் வாஷிங்டன் செய்த பிரசங்கம் அவரை ஒரே நாளில் தேசப் பிரசித்தராக்கியது. கறுப்பின மக்கள் அரசியல் உரிமைக்கும் சமூக சமத்துவத்துக்கும் இப்போது கிளர்ச்சி செய்யாமல், நிலத்திலும் பட்டறையிலும் உழைத்துப் பொருள் சேர்த்து மதிப்பைத் தேடிக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். வெள்ளைத் தனவந்தர்களின் பணப்பைகள் திறந்தன. 1901 அக்டோபரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகையில் தம்முடன் விருந்துண்ண அழைக்க, தென்மாகாணப் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. அதே 1901ல்தான் அலபாமா புதிய அரசியல் சட்டம் ஒன்றை இயற்றி, எழுத்தறிவு, சொத்து, வரி என்ற தடைகளால் கறுப்பின மக்களுடைய வாக்குரிமையை அநேகமாகத் துடைத்தெறிந்தது. எந்தப் பொருளை விலையாகக் கொடுத்து ஆடம்ஸ் பள்ளியை வாங்கினாரோ, அந்தப் பொருளே அவர் ஜனங்களிடம் இல்லாமற் போயிற்று. டூ பாய்ஸ் என்ற பேரறிஞர் 1903ல் வெளியிட்ட நூலில் வாஷிங்டனின் மார்க்கத்தைத் தயவு தாட்சணியமின்றிக் கண்டித்தார். அந்தக் கண்டனம் சரியானது என்றே நான் எண்ணுகிறேன். எனினும், வெளியே பணிவு பேசிய அதே மனிதர், புதிய அரசியல் சட்டத்தை எதிர்த்து மான்ட்கோமரியில் ஜைல்ஸ் என்பவர் தொடுத்த வழக்குக்கு ஒருவருக்கும் தெரியாமல் பணம் கொடுத்து வந்தார் என்பதையும் சொல்லாமல் விட்டால் அவருக்கு நியாயம் செய்தவர்களாக மாட்டோம். அந்த வழக்கு 1903ல் தோற்றது.

அந்த 1903ஆம் வருஷத்திலேயே, கடல் கடந்த நேட்டாலில், காந்தியடிகள் தம் இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் வாஷிங்டனைப் போற்றி ஒரு கட்டுரை எழுதினார். கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன நம்மவர்களுக்காகத் தமிழ்ப் பக்கங்களையும் தாங்கி வந்த பத்திரிகை அது. அடுத்த வருஷம் அவர் நிறுவிய ஃபீனிக்ஸ் ஆசிரமத்துக்கு அண்மையிலேயே, டஸ்கீகியை முன்மாதிரியாகக் கொண்டு ஜான் டூபே என்ற ஜூலுப் பெரியவர் ஓலாங்கே கல்விச்சாலையை நடத்திக்கொண்டிருந்தார்.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். 1896ல் டஸ்கீகியின் விவசாயப் பகுதிக்குத் தலைவராக வந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், மிசௌரியில் உள்நாட்டு யுத்த காலத்தில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். கைக்குழந்தையாயிருந்தபோது கொள்ளைக்காரர் தாயையும் சேயையும் தூக்கிப் போக, தாய் திரும்பவே இல்லை, குழந்தை மட்டும் ஒரு குதிரைக்கு ஈடாக மீட்கப்பட்டது. கான்ஸாஸில் ஒரு கல்லூரி கடிதம் பார்த்து இடம் கொடுத்து, நேரில் நிறம் பார்த்து மறுத்தது. அயோவாவில் ஓவியம் பயின்று, அவர் எழுதிய செடி ஓவியங்களில் தாவர ஞானத்தைக் கண்ட ஆசிரியை ஒருவரின் தூண்டுதலால் விவசாயக் கல்லூரி சேர்ந்து, அங்கே முதல் கறுப்பின மாணாக்கராகவும் பிறகு ஆசிரியராகவும் விளங்கியவர். டஸ்கீகியில் அவருக்கு ஆராய்ச்சிசாலை என்று ஒன்றும் இல்லை. மாணாக்கரை அழைத்துக்கொண்டு குப்பைமேடுகளில் பொறுக்கிய பழம் புட்டிகளையும் தகர டப்பாக்களையும் வெட்டித் திருத்தியே கருவிகள் செய்துகொண்டார்.

வெளியே வயல்களின் நிலை இன்னும் மோசம். பருத்தி ஒன்றையே விதைத்து விதைத்து மண் சத்திழந்து கிடந்தது. உழுதவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்கு உழுபவர்கள். நிலம் பிறருடையது, விதையும் கோவேறு கழுதையும் பிறருடையவை, அறுவடையில் பாதி அங்கே போகும், மீதி கடைக்காரர் கணக்கில் கழியும். இவர்களிடம் உரம் வாங்கு என்று சொல்வது வீண் உபதேசம் என்பதைக் கார்வர் அறிந்திருந்தார். ஆகவே காராமணி போடு, வேர்க்கடலை போடு, சர்க்கரைவள்ளி நடு என்றார். காராமணி, கடலை போன்ற பயிர்களின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பதால், உரத்தை விலைக்கு வாங்க முடியாதவனுக்கும் உரம் கிடைத்தது. தென் ஆற்காட்டுப் பகுதியில் மணிலாக்கொட்டை என்று வழங்கும் அதே கடலைதான்; தென் அமெரிக்காவில் தோன்றி, ஆப்பிரிக்கா சென்று, அடிமைக் கப்பல்களோடு வட அமெரிக்கா வந்தது. காங்கோ நாட்டவர் ங்குபா என்றதே அங்கே கூபர் என்று மருவிற்று. விளைந்ததை என்ன செய்வது என்று உழவன் கேட்பான் அல்லவா? அதற்கு விடையாக, கடலையை உண்பதற்கு 105 வழிகள் என்று 1916ல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். பள்ளிக்கு வர இயலாதவரிடம் பள்ளியே போகட்டும் என்று, 1906லிருந்து கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி கிராமம் கிராமமாகச் சென்றது.

1921ல், இறக்குமதியாகும் கடலைக்கு வரி விதிக்க வேண்டுமென்று சாட்சி சொல்ல, அமெரிக்கக் காங்கிரஸின் ஒரு கமிட்டிக்கு முன் அவர் நின்றார். கொடுத்த நேரம் பத்து நிமிஷம். ஓர் உறுப்பினர் அவர் நிறத்தைக் குத்திக்காட்டும் பரிகாசம் ஒன்று செய்தார். கார்வர் நிதானம் தவறாமல் தம் பெட்டியைத் திறந்து கடலைப் பாலையும் சாயத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டே போக, நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று தலைவரே சொல்லும்படி ஆயிற்று. அடுத்த வருஷம் வரி வந்தது. கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்று பலர் எழுதுகிறார்கள், அது உண்மையன்று, அவர் செய்து காட்டிய நூற்றுக்கணக்கான பொருள்களில் மிகப் பல கடைத்தெருவுக்கு வரவும் இல்லை. இதைச் சொல்வதால் அவர் புகழ் குறையாது. எனக்கு அவருடைய பிரசுரங்களில் 1911ல் வந்த ஒன்றுதான் மிகவும் உவப்பானது: மேக்கன் ஜில்லாவின் களிமண்ணையே கரைத்து வடித்து, வெள்ளையும் மஞ்சளுமாக வர்ணம் எடுத்து, செலவில்லாமல் குடிசைச் சுவருக்குப் பூசுவது எப்படி என்று அதில் சொல்லிக் கொடுத்தார். ஓவியராகத் தொடங்கியவர், வாரத்துக்கு உழுபவன் வீட்டிலும் நிறம் இருக்க வேண்டுமென்று நினைத்தார்.

அதே வளாகத்தின் வேறோர் அறையில் மன்ரோ வொர்க் என்பவர் வேறு வகை விஞ்ஞானம் செய்துகொண்டிருந்தார். 1908ல் வந்த அவர், விசாரணையின்றிக் கும்பல்கள் பிடித்துக் கொன்ற மனிதர்களின் கணக்கைப் பத்திரிகைகளிலிருந்து தேதிவாரியாகத் திரட்டி, பதிந்து, நாடெங்கும் அனுப்பிவந்தார். அந்தப் பதிவேடு பிற்காலத்தில் 1882 முதல் 1968 வரை நீண்டது; அதில் உள்ள 4,743 பேரில் 3,446 பேர் கறுப்பினத்தவர். அட்லாண்டாவில் பேசாமல் விட்டதை டஸ்கீகி இந்த ஏட்டில் எழுதி வைத்தது.

விளையாட்டின் கதையும் விவசாயத்திலிருந்தே பிறக்கிறது. கிளீவ்லண்ட் ஆபட் என்ற தென் டகோடா வாலிபர் 1916ல் டஸ்கீகிக்கு வந்தது விவசாய ரசாயன நிபுணராக. முதல் உலக யுத்த சேவைக்குப் பின் 1923ல் திரும்பி வந்து, தேகப்பயிற்சிப் பகுதியை ஏற்றுக்கொண்டார். பெண்கள் ஓடுவதும் தாண்டுவதும் லட்சணமன்று என்று பல கல்லூரிகள் கருதிய அந்தக் காலத்தில், 1929ல் டஸ்கீகிப் பந்தயங்களில் பெண்களுக்கும் இடம் வைத்தார். 1937ல் தேசியப் பெண்கள் தடகளப் பட்டத்தை டஸ்கீகி வென்றது. அதன்பின் பத்துத் தடவைக்கு மேல் வென்றது.

அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் ஆலிஸ் கோச்மன் ஒருத்தி. ஜார்ஜியாவின் ஆல்பனி நகரத்தில், கறுப்பினச் சிறுமிக்கு மைதானக் கதவு திறக்காததால், மண் சாலையில் வெறுங்காலோடு ஓடி, கயிறும் கழியும் கட்டித் தாண்டிப் பழகியவள். 1939லிருந்து பத்து வருஷம் தொடர்ந்து தேசிய உயரம் தாண்டுதல் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள். டஸ்கீகியில் அவளுக்குக் கிடைத்த உதவிச்சம்பளம் சும்மா வந்ததன்று. உடற்பயிற்சிக் கூடத்தையும் நீச்சல் குளத்தையும் துப்புரவு செய்தாள், கால்பந்தாட்டக்காரர்களின் உடைகளைத் தைத்தாள். 1946ல் தையற்கலையில் சான்றிதழும் பெற்றாள். அவளுடைய உடல் மிகச் சிறந்த நிலையில் இருந்த 1940லும் 1944லும் யுத்தத்தால் ஒலிம்பிக் நடக்கவில்லை. 1948ல் லண்டனில், தன் 24ஆம் வயதில், 1.68 மீட்டர் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றாள். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவளே. ஆறாம் ஜார்ஜ் மன்னர் தம் கையால் பதக்கத்தை அளித்தார்.

திரும்பி வந்தவளை அட்லாண்டாவிலிருந்து ஆல்பனி வரை 175 மைல் தூரம் ஊர்வலமாக அழைத்துச் சென்றார்கள். வழிநெடுக ஜனங்கள் நின்றார்கள். ஆல்பனியின் நகர மண்டபத்தில் வரவேற்பு. அங்கே வெள்ளையர் ஒரு பக்கமும் கறுப்பர் மறு பக்கமுமாக உட்கார வைக்கப்பட்டிருந்தனர். மேயர் அவளோடு கைகுலுக்கவில்லை. விழாவின் நாயகி பக்கக் கதவு வழியாக வெளியேறினாள். மன்னர் நீட்டிய கையை நகரத் தலைவர் நீட்டவில்லை. உழைத்து உயர்ந்து காட்டினால் மதிப்புத் தானாக வரும் என்று வாஷிங்டன் நம்பியிருந்தார். ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவளுக்கும் அது வரவில்லை.

ஆகாயத்தில் பறந்தவர்களின் கதை பலரும் அறிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். கறுப்பினத்தவன் யுத்த விமானம் ஓட்டத் தகுதியற்றவன் என்று ராணுவம் எழுதி வைத்திருந்தது. 1941 மார்ச் மாதம், அப்போதைய ஜனாதிபதியின் மனைவி எலியனார் ரூஸ்வெல்ட் டஸ்கீகிக்கு வந்து, கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்காததால் சொந்தமாக ஒரு விமானம் வாங்கிப் பழகிய சார்லஸ் ஆண்டர்ஸன் ஓட்ட, அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பறந்தார். அவ்வருஷம் டஸ்கீகியில் தொடங்கிய ராணுவ விமானப் பயிற்சியில் ஏறக்குறைய ஆயிரம் கறுப்பின விமானிகள் தேறினார்கள். முதல் ஐவரில் ஒருவர் பெஞ்சமின் டேவிஸ். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் நான்கு வருஷம் சக மாணாக்கர் ஒருவரும் அவரோடு பேசாமல் ஒதுக்கியும், 1936ல் படிப்பை முடித்து வெளிவந்தவர். 1948ல் ஜனாதிபதி ட்ரூமன், படைகளில் நிறபேதம் கூடாதென்று ஆணையிட்டார்.

இந்தப் பெருமைகளை எழுதும் பேனா, இதே ஊரின் பெயரைத் தாங்கிய கொடுமையையும் எழுத வேண்டும். 1932ல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இலாகா, மேக்கன் ஜில்லாவின் ஏழைக் கறுப்பின ஆண்கள் சுமார் 600 பேரை, அவர்களில் 399 பேர் மேகநோய் கண்டவர்கள், ஓர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது. உங்களுக்குக் கெட்ட ரத்தம் என்று மட்டும் சொன்னார்கள். பெனிசிலின் என்ற கைகண்ட மருந்து வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் உடலை எப்படித் தின்கிறது என்று 40 வருஷம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டஸ்கீகியின் ஆஸ்பத்திரி அதற்கு இடம் கொடுத்தது. 1972ல் செய்தி வெளியாகி அது நின்றது. 1997ல் ஜனாதிபதி கிளின்டன், மிஞ்சியிருந்த முதியவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். கார்வரின் வண்டியை எந்த உழவர்கள் நம்பி வரவேற்றார்களோ, அந்த உழவர்களின் நம்பிக்கையே இங்கே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

கடைசியாக வாக்கு. 1928ல் டஸ்கீகிக்கு ஆசிரியராக வந்த சார்லஸ் கோமில்லியன் சமூக சாஸ்திரம் போதித்தவர். சாந்தமான குரலும் அசையாத உறுதியும் உடையவர். வாக்காளராகப் பதிந்துகொள்ள அவர் பல வருஷம் முயன்று, 1939ல்தான் அது கைகூடிற்று. பேராசிரியர்களும், அவ்வூரின் யுத்த வீரர் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர்களும் பதிவு அலுவலகத்துக்குப் போனால், வெள்ளையர் சாட்சி கொண்டு வா என்பார்கள். கொண்டு வந்தால், அதிகாரிகள் அன்று உட்காரவில்லை என்பார்கள். அப்படியும் 1957க்குள் ஊருக்குள் சுமார் 400 கறுப்பின வாக்காளர்கள் சேர்ந்துவிட்டார்கள். உடனே அலபாமா சட்டசபை ஊரையே மாற்றி அமைத்தது. சதுரமாயிருந்த நகர எல்லையை 28 பக்கங்கள் உள்ள கோணல் வடிவமாக வெட்டி, அந்த 400 பேரில் நான்கைந்து பேர் தவிர மற்றெல்லாரையும் எல்லைக்கு வெளியே தள்ளியது. வெள்ளை வாக்காளர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. டஸ்கீகிக் கல்விச்சாலையே டஸ்கீகிக்கு வெளியே போயிற்று.

1957 ஜூன் மாதம், 76 வருஷத்துக்கு முன் எந்தத் திருச்சபையின் நிழலில் பள்ளி பிறந்ததோ, அந்த பட்லர் திருச்சபையின் கோயிலில் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். நம்மை ஊரைவிட்டு விலக்கியவர்களின் கடையில் இனி ஒன்றும் வாங்குவதில்லை என்று தீர்மானித்தார்கள். கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. கோமில்லியன் மேயர்மேல் வழக்குத் தொடுத்தார். வழக்கை நடத்தியவர்களில் ஒருவர் ஃபிரெட் கிரே என்ற இளம் வக்கீல். டஸ்கீகியில் பிறந்த ரோஸா பார்க்ஸ் 1955ல் மான்ட்கோமரி பஸ்ஸில் இடம் விட மறுத்தபோது அவருக்காக வாதாடியவரும், பின்னர் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பலியானவர்களுக்காக வழக்காடியவரும் அவரே. உச்ச நீதிமன்றத்தில் அவர் ஊரின் படத்தை விரித்து வைத்து, பழைய சதுரத்தையும் புதிய கோணல் கோட்டையும் காட்டினார். படத்தைக் கண்டபின் நீதிபதிகளுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை.

தீர்ப்பு 1960 நவம்பர் 14ஆம் தேதி வந்தது. நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அந்தச் சட்டத்துக்கு எதிராகவே நின்றார்கள். 45 வருஷத்துக்கு முன், 1915ல், புக்கர் வாஷிங்டன் இறந்ததும் அதே நவம்பர் 14தான். அடுத்த வருஷம் பழைய எல்லை திரும்பி வந்தது. கடிகாரத்தை அடகு வைத்துச் சுட்ட கல்லின் வழியில் எழுந்த கட்டடங்களெல்லாம் மறுபடியும் ஊருக்குள் நின்றன. 1964ல் நடந்த நகரசபைத் தேர்தலில் கறுப்பினத்தவர் இருவர் உறுப்பினரானார்கள்.